படத்தில் நாற்பத்தொரு தப்பு

எந்திரிக்காத தாயி, உக்காரு. வண்டி இப்போதைக்கு நகராது. கூனோடையில தண்ணி வந்துட்டா இப்படித்தான். அரை மணிம்பாங்க, ரெண்டு மணி ஆகும். நான் ஜன்னலோரம், நீ வழியில உக்காந்திருக்கே. ஒன்னத் தாண்டி நான் எங்க ஓடிறப் போறேன்?

அந்தத் தாள மடிச்சு வை. கையெழுத்துப் போட மாட்டேன்னு நான் சொல்லலயே. காலையில வாசல்ல வந்து, "கண்டக்டர் மாமா, நான் மிக்கேல் டிரைவர் மக பிலோமி"ன்னு நின்னே பாரு, நீ சொல்லுததுக்கு முந்தியே எனக்குத் தெரிஞ்சு போச்சு. அண்ணாச்சி மூக்கு அப்படியே இருக்கு. நாலு வயசுல ஒன்னத் தூக்கி வச்சிருக்கேன், பெறகு இன்னைக்குத்தான் பாக்கேன். முப்பத்தஞ்சு வருசம். ஒரே தாலுகாவுக்குள்ளதான் இருக்கோம், ஆனா நான் ஒங்க வீட்டுப் பக்கம் வரல. வேலை, வேலைன்னு இருந்துட்டேன்.

என்ன கேட்டே காலையில? "இன்னைக்கு அக்கரையில நினைவுக்கல்லு தெறக்காங்க மாமா. அன்னைக்கு பஸ்ஸோட தண்ணியில போயிச் செத்தவங்க ஒம்பது பேரு, கல்லுல எட்டுப் பேரு பேருதான் இருக்கு. குடிச்சுட்டு வண்டி ஓட்டி எட்டு உசிரக் கொன்னவன் பேர எப்படிப் போடுததுன்னு கமிட்டியில கேக்காங்க. எங்கப்பா குடிக்கலன்னு நீங்க ஒரு வரி எழுதிக் குடுத்தாப் போதும், பேரப் போட்டுருவாங்க." அதான கேட்டே? நான் என்ன சொன்னேன்? வா தாயி, பஸ்ல போயிக்கிட்டே பேசுவோம்னேன். இப்பப் பஸ்ஸு போகல. போகலன்னா என்ன, பேசுவோம்.

மொதல்ல அந்த விபத்த வச்சு எடுத்த படத்தப் பேசணும். அத விட்டுட்டு இதப் பேச முடியாது. "ஒத்த விசில்"னு பேரு வச்சு, உண்மைச் சம்பவம்னு வெள்ளை எழுத்துல வேற போட்டுட்டான். நாலு வருசத்துல பதினோரு தடவ பாத்துட்டேன். அந்தப் பைக்குள்ள டைரி இருக்கு, எடு. பெரட்டிப் பாரு. நாப்பத்தொரு தப்பு. நம்பர் போட்டு எழுதியிருக்கேன். டைரக்டருக்கு மூணு தடவ காப்பி எடுத்துத் தபால்ல அனுப்பிட்டேன். ஒரு பதில் கெடையாது.

ஒண்ணாம் நம்பர், பஸ்ஸு கலரு. நம்ம பால்வண்ணன் கம்பெனி பஸ்ஸு பச்சை, நடுவுல மஞ்சக் கோடு. படத்துல செவப்பு. கேட்டா, தண்ணிக்குள்ள செவப்புதான் எடுப்பாத் தெரியுமாம். ரெண்டு, டிக்கட்டு. எண்பத்தொம்பது ஐப்பசியில ஏது தாயி மிஷினு? காயிதக் கட்டுல எச்சி தொட்டுக் கிழிச்சுக் குடுப்போம். படத்துல நான் இடுப்புல மிஷினத் தொங்கவிட்டுக்கிட்டு டிர்ரு டிர்ருன்னு அடிக்கேன். ஆறாம் நம்பரப் படி. செல்போன் டவரு! பஸ்ஸு முங்குது, ஜனங்க கத்துது, பின்னால நெட்டுக்குத்தலா டவரு நிக்கு. டவரு இருந்திருந்தா போனப் போட்டுருக்க மாட்டமா நாங்க? பதினாலு, தென்ன மரம். நீயே ஜன்னல் வழியாப் பாரு, எங்கனயாவது ஒரு தென்ன தெரியுதா? பூராப் பனை. அவன் படம் புடிச்சது வேற எங்கயோ ஒரு ஆத்தங்கரையில. தண்ணிகூடக் கண்ணாடி மாதிரி ஓடுது அதுல. கூனோடை என்னைக்குக் கண்ணாடியா ஓடிச்சு? செம்மண்ணக் கரைச்சு ஊத்துன மாதிரிதான் வரும். இந்தா, இப்ப வருதே.

இருவத்தேழு, கயிறு. படத்துல நைலான் கயிறு, நீலக் கலரு. அன்னைக்குத் தண்ணிக்குள்ள போட்டது பனைநார்க் கயிறு. எனக்குக் கையில அந்தத் தழும்பு இன்னும் இருக்கு, பாரு.

யாரு போட்டதா? பனையேறி ரெண்டு பேரு போட்டாங்க. அது வேற விசயம். நான் எழுதியிருக்கது கயித்தப் பத்தி.

படத்துல நான் போடுதேன், ஆமா. ஏழு பேர இழுத்துக் கரையில போடுதேன். அதுக்கு நான் என்ன செய்ய? நானா எடுத்தேன் படம்?

நாப்பத்தொண்ணுதான் பெரிய தப்பு. பாலம். கடைசியில புதுப் பாலம் கட்டி ரிப்பன் வெட்டுதாங்க. கதாநாயகன், அதாவது நான், ஒத்த விசில் ஊதுதேன், பஸ்ஸு பாலத்து மேல கம்பீரமாப் போகுது. ஏ கூறுகெட்டவனே, ஒத்த விசில் ஊதுனா வண்டி நிக்கணும்லா! ரெண்டு ஊதுனாத்தான போகணும்! படத்துக்குப் பேர வச்சவனுக்கே அது தெரியல. சரி, பாலமாவது உண்டுமா? எங்க இருக்கு, காட்டு பாப்போம். போன வருசம் மனு எடுத்துக்கிட்டு ஒரு ஆபிசுக்குப் போனோம். சின்ன வயசு அதிகாரி, மரியாதையான பையன்தான். எந்திரிச்சு நின்னு என்கூடப் போட்டோ எடுத்துக்கிட்டான். பெறகு மனுவப் படிச்சுட்டு, "கூனோடையில பாலம் கட்டியாச்சே ஐயா, படத்துல பாத்தேனே"ங்கான். படத்துல உள்ள பாலத்துல நம்ம எப்படித் தாயி போறது? இந்தா நிக்கோம், பாலம் இல்லாம.

என்ன கேக்கே? குடியா? குடி எத்தனாவது நம்பரா?

குடு, பாக்கேன். எழுத்துப் பொடிசா இருக்கு... இல்ல தாயி. அத எழுதல. அது தப்புல வராது. அது கதைக்காகச் சேத்தது. தப்பு வேற, சேத்தது வேற. அவனுக்குத் தெரியாமச் செஞ்சதத்தான் நான் எழுதியிருக்கேன்.

ஏன் அப்படிப் பாக்கே? ஒங்கப்பாவ எனக்குத் தெரியாதா? பீடி, வெத்தல, ஒண்ணு கெடையாது. வாயில ஒரு துண்டு பனங்கற்கண்டு கெடக்கும், அவ்வளவுதான். வண்டியில ஏறுனா ஸ்டேரிங்கத் தொட்டுச் சிலுவை போட்டுக்கிடுவார். ரெண்டு விசில் கேக்காம அவரு கால் கிளட்ச விட்டு எடுக்காது. ரோட்டுல ஈ காக்கா இருக்காது, அப்பவும் எடுக்க மாட்டார். "பின்னால எனக்குக் கண்ணு நீதாம்டே கோமதிநாயகம்"பார். முழுப் பேரையும் சொல்லித்தான் கூப்பிடுவார். மத்தவங்களுக்கெல்லாம் நான் ஏ கண்டக்டருதான். அவரு ஒருத்தருக்குத்தான் கோமதிநாயகம். அப்படிப்பட்ட மனுசனப் படத்துல கையில பாட்டிலோட காட்டுனா எனக்கு வலிக்காதா? பதினோரு தடவையும் அந்த எடத்துல நான் கண்ண மூடிக்கிட்டேன்.

டைரக்டருகிட்டச் சொன்னேனாவா? சொல்லுதேன், கேளு. அவனும் கூட ரெண்டு பேரும் மூணு நாளு லாட்ஜுல தங்கி என்கிட்டக் கதை கேட்டாங்க. நல்ல மரியாதை. நான் விசில் குடுத்ததச் சொன்னேன். எத்தனன்னு அவன் கேக்கல. ஒத்த விசிலுன்னு அவனாவே எழுதிக்கிட்டான். தண்ணியக் கண்டவன் நிக்கத்தான விசில் குடுப்பான், அப்படி நெனச்சுட்டான் போல. மூணாம் நாளு பேனாவ மூடிட்டுக் கேட்டான்: "எல்லாம் சரி சார். நீங்க நிக்கச் சொல்லி விசில் குடுத்திருக்கீங்க, அவ்வளவு தண்ணி ஓடுது, பெறகு டிரைவர் ஏன் வண்டிய எறக்குனாரு? படம் பாக்கவன் கேப்பானே." கொஞ்ச நேரம் என் மூஞ்சியவே பாத்தான். "குடிச்சிருந்தாரா சார்?"னான். நான் ஆமான்னு சொல்லல. சத்தியமாச் சொல்லல. இல்லன்னும் சொல்லல. அந்நேரம் டீ வந்துச்சு. டீயக் குடிச்சேன்.

அழாத தாயி. பஸ்ஸுல ஆளு பாக்குது.

நீ ஒரு வரிதான கேக்கே. ஆனா யோசிச்சுப் பாரு. மிக்கேல் குடிக்கலன்னு நான் எழுதிக் குடுத்தாச்சு, வச்சுக்கிடுவோம். அடுத்தால ஊரு என்ன கேக்கும்? அப்ப எதுக்கு எறக்குனாருன்னு கேக்கும். யாருகிட்டக் கேக்கும்? பொழைச்சு வந்த என்கிட்டத்தான. நான் என்ன சொல்லுவேன்? நாலு வருசமா எந்தப் பள்ளிக்கூடத்துல விழான்னாலும் மேடையில ஏத்தி, விசிலக் கையில குடுத்து ஊதச் சொல்லுதாங்க. பிள்ளைக கைதட்டுதுக. என் பேரே போச்சு, ஒத்த விசில் ஐயான்னாத்தான் தெரியும். கலியாணப் பத்திரிகையில அப்படிப் போடுதான். ரேசன் கடையில அப்படிக் கூப்பிடுதான். வீட்டுக்குள்ள இருந்தா வாசல்ல பஸ் ஸ்டாப்பு, நாளு பூரா ரெண்டு ரெண்டு விசிலாக் கேக்கு. நான் ஜன்னலச் சாத்திக்கிட்டு இருக்கேன். வெளிய வந்தா ஒத்த விசில். எங்க போகச் சொல்லுத என்ன?

சரி, அத விடு. பத்தொம்பதப் படி. நல்ல தப்பு அது. சட்டை. படத்துல எனக்குக் காக்கிச் சட்டை. மழையில எறங்கி ஓடி, தண்ணி ஓரத்துல நின்னு பாத்துட்டு, தொப்புதொப்புன்னு நனைஞ்சு திரும்பி வாரேன். நம்ம கம்பெனியில காக்கியே கெடையாது. அதுலயும் அன்னைக்கு நான் போட்டிருந்தது புது வெள்ளைச் சட்டை. கஞ்சி போட்டுத் தேச்சது. சாயங்காலம் ஆறு மணிக்குப் பூவன்குளத்துல பொண்ணு பாக்கப் போகணும், அதுக்குன்னு போட்டது. அந்த மழையிலயும் ஒரு பொட்டுத் தண்ணி படாம வச்சிருந்தேன் தெரியுமா, வண்டி ஓடையில எறங்குத வரைக்கும் ஒரு பொட்டு...

என்ன?

மழதான். ஆமா, நல்ல மழ.

குடையா? கொண்டு வரல.

நீ வக்கீலுக்குப் படிச்சிருக்கணும் பிலோமி. தையல் மிஷினுல உக்காந்து வீணாப் போயிட்டே. சட்டையப் பத்திச் சொன்னா சட்டையோட நிக்கணும். எறங்கிப் பாத்தவன் சட்டை எப்படி நனையலன்னு கேட்டா நான் என்ன சொல்ல? பக்கத்த மூடு. டைரிய உள்ள வை.

இந்தா, கண்டக்டர் தம்பி வாரான். வாப்பா. என்னது, நான் போயித் தண்ணியப் பாத்து விசில் குடுக்கணுமா? எனக்கு எதுக்குப்பா விசிலு? நீ போய்ப் பாரு, நீதான கண்டக்டர்... ஆமாப்பா, நான் பாக்காத தண்ணி இல்லதான். ஏய், என்னத்துக்கு எல்லாரும் செல்போனத் தூக்குதிய? அக்கரையில மைக்குல வேற சொல்லுதானா? கேக்கு, கேக்கு. "ஒத்த விசில் ஐயா எதிர்க்கரையில் வந்து நிற்கிறார்." நிக்கேன், நிக்கேன். வேற என்ன செய்ய? சரி, விசிலக் குடு. வழி விடு தாயி. இல்ல, நீயும் வா. நீ கண்டிப்பா வா. ஒன் குடைய எடுத்துக்கோ.

மெள்ள எறங்கு, படி வழுக்கும். என் கையப் பிடிச்சுக்கோ.

ஒண்ணு. ரெண்டு. மூணு. எண்ணுதேன், பேசாம வா.

பதினஞ்சு. இவ்வளவுதான். பின்படியில இருந்து தண்ணி ஓரம் வரைக்கும் பதினஞ்சு எட்டு. அன்னைக்கும் வண்டி இதே எடத்துலதான் நின்னுது. தண்ணி வந்தா முங்கிப்போற இந்தத் தரைப்பாலத்துக்கு ரெண்டு பக்கமும் சுண்ணாம்பு அடிச்ச கல்லு நட்டிருக்கு. தண்ணிக்கு மேல அந்தக் கல்லுத் தலை தெரிஞ்சா வண்டி போகலாம். தெரியலன்னா நிக்கணும். முன்கண்ணாடியில ஒங்கப்பாவுக்கு மழையில எதுவும் தெரியல. "கோமதிநாயகம், எறங்கிப் போயிக் கல்லு தெரியுதான்னு பாருடே. தெரிஞ்சா ரெண்டு குடு, தெரியலன்னா ஒண்ணு குடு"ன்னார்.

இந்தப் பதினஞ்சு எட்ட நான் வைக்கல தாயி.

படியிலயே நின்னேன். சட்டை நனைஞ்சிருமேன்னு நின்னேன். மழ செத்த விடட்டும், பெறகு போவோம்னு நின்னேன். ஒதுங்கப் போயிருந்த வேலம்மாங்கிற ஒரு கெழவி ஓடி வந்து ஏறுனா. கையக் குடுத்துத் தூக்கிவிட்டேன். படி காலியாச்சு. படி காலியானா கண்டக்டருக்கு வாய் தன்னால ஊதும். ஒரு நாளைக்கு முந்நூறு தடவ ஊதுத வாய். ரெண்டு ஊதிட்டேன்.

ஊதுனதும் தெரிஞ்சுது. ஒடனே ஒண்ணு குடுத்திருந்தா நின்னுருப்பார். ஒங்கப்பா கண்ணாடியில என்னப் பாத்தார், சரியாடேன்னு கேக்குத மாதிரி. நான் பாக்கலன்னு சொல்ல வெக்கமா இருந்துச்சு. கல்லு தெரிஞ்சிருக்கும், எப்பவும் தெரியும்லான்னு நெனச்சேன். தலைய ஆட்டுனேன். அந்த மனுசன் சிலுவை போட்டுட்டு எறக்குனார். அவரு என்ன நம்புனார் பிலோமி. தண்ணி தள்ளுதப்பக்கூட ஸ்டேரிங்க விடல. நான் பின்படியில நின்னேன், தாவிட்டேன்.

கேஸ் எழுதுனப்போ டிரைவர் கவனக்குறைவுன்னு எழுதுனாங்க. செத்தவன் தலையில எதையும் வைக்கலாம். நான் வாயத் தொறக்கல. அந்தப் பூவன்குளத்துப் பொண்ணையேதான் பெறகு கட்டுனேன். இருவத்தெட்டு வருசம் கூட வாழ்ந்தா செண்பகம், அவகிட்டயும் சொல்லல. டவரு, தென்ன மரம், கயிறுன்னு நாப்பத்தொண்ணு எழுதி வச்சேன். இதத் தவிர எல்லாம் எழுதிட்டேன்.

ஏதாவது சொல்லு தாயி. ஏசு. நாலு பேரு பாக்க அடிச்சாலும் சரி.

வண்டியில எல்லாரும் காத்துக்கிட்டு இருக்காங்க. இந்தா, நல்லாப் பாரு, நீயும் சாட்சி. கல்லு தெரியுதா? ஒண்ணுகூடத் தெரியல. ஊதுதேன்.

கேட்டியா சத்தத்த? ஒத்த விசிலு. கைதட்டுதாங்க பாரு. அக்கரையில மைக்குலயும் கைதட்டுதாங்க. முப்பத்தஞ்சு வருசம் கழிச்சு இன்னைக்குத்தான் நெசமா ஊதியிருக்கேன், அது ஒனக்கும் எனக்கும் மட்டுந்தான் தெரியும்.

டைரியக் கொண்டு வந்தியா? அந்தத் தாளையும் குடு. டைரிய அடியில வச்சு எழுதுதேன். குடிக்கலங்கிற ஒரு வரி போதாது, அது அரை உண்மை. நாப்பத்திரெண்டுன்னு போடுதேன். படத்துல ஒத்த விசில். நான் குடுத்தது ரெண்டு. கல்லப் பாக்காமக் குடுத்தது. கீழ பேரு. ஒத்த விசில்னு போடல, கோமதிநாயகம்னே போடுதேன், ஒங்கப்பா கூப்பிட்ட மாதிரி.

இன்னைக்கு அக்கரைக்குப் போக முடியாது. தண்ணி வடிஞ்சதும் நாளைக்கு நீ கொண்டு போயி கமிட்டியில குடு. என்னத் தேடி வந்தா வீட்டுலதான் இருப்பேன். பேரு வெட்ட எடம் இருக்கான்னு கேட்டாங்கன்னா, இருக்குன்னு சொல்லு. போன மாசம் நானே போயி, எட்டாவது பேருக்குக் கீழ ஒரு வரிக்கு எடம் விட்டு வையிடேன்னு கல் கொத்துதவன்கிட்டச் சொல்லிட்டு வந்தேன். "யாருக்கு ஐயா?"ன்னு கேட்டான். அப்பவும் டீ வந்துச்சு. குடிச்சுட்டு வந்துட்டேன்.

இங்கன டீக்கடை இல்ல. குடையச் சாச்சுப் பிடி தாயி, மை கரைஞ்சிரக் கூடாது.